கொசு விட்டுவைத்த வெள்ளை

"அந்தக் கைதான் படத்துக்கே உயிரு" என்றார் புத்தகங்களுக்கு அட்டைப்படம் போடும் அக்கா.

கொசு தன் படத்தைப் பார்த்தான். அவன் அதில் கை எதையும் வரைந்திருக்கவில்லை.

எந்தக் கை என்று கேட்டிருப்பான். கேட்க வழியில்லை. பிரேம் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு மதியம் கூடும் அந்தச் சின்னக் கூட்டத்துக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம். யாருடைய படம் நடுவில் நிறுத்தப்பட்டிருக்கிறதோ அவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருக்க வேண்டும். வரைந்தவனைப் பேசவிட்டால் அவன் தன் சரக்குக்குத் தானே தரகனாகிவிடுவான், அப்புறம் குறை எங்கே வெளியே வரும் என்று இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பிரேம் கடை அண்ணன். அவருக்கு ஒரு வட்டம்கூட ஒழுங்காகப் போட வராது. இடம் அவருடையது என்பதால் அதிகம் பேசுகிறவரும் அவர்தான்.

மூன்றாவது ஆள் மீசை. வாரப் பத்திரிகைக்குப் படக்கதை போடுகிறவன். சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோலத்தான் படத்தைப் பார்ப்பான்: முதலில் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டுப் பிறகு பல்லைப் பிடித்து இழுப்பான்.

கொசு என்ற பெயரும் மீசை வைத்ததுதான். கறுப்பு மை, வெள்ளைத் தாள், இவை தவிர வேறு எதையும் தொடாத அவன், நிழல் வேண்டிய இடத்தில் மெல்லிய கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குவான். ஒவ்வொன்றும் கொசுக்கால் தடிமன். அப்படி ஒரு கோட்டை அந்த ஊரில் வேறு எவராலும் இழுக்க முடியாது என்று அக்காவே ஒப்புக்கொண்டிருக்கிறார், அதுவும் அவன் இல்லாத நேரத்தில்.

இன்று கொண்டுவந்திருந்தது ஒரு காடு. ஆள் உயரத்துக்கு வேர்கள் எழும்பிய, மனிதர் கண்டிராத காடு. அதன் விளிம்பில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு சிறுமி. அவனுடைய ஒரே மகள் வாலுதான் அது. காலையில் வீட்டுப் படிக்கட்டின் கீழ்ப்படியில் அவளை நிற்கவைத்து, அசைந்தால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டி, அவள் தோளின் சரிவையும் ஒற்றைச் சடையின் கோணலையும் அப்படியே தாளில் இறக்கியிருந்தான். மரங்களுக்கிடையே மட்டும் கொஞ்சம் வெள்ளை விட்டுவைத்திருந்தான். அது நிலா வெளிச்சத்துக்காக. வெள்ளையை யாரும் வரைவதில்லை; சுற்றிலும் கறுப்பை அடைத்துக்கொண்டே வந்தால் மிச்சமிருப்பது வெள்ளை.

அந்த மிச்சத்துக்கு இப்போது விரல்கள் இருந்தன.

வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது. வார்னிஷ் வாடையும் அறுத்த மரத்தூளின் வாடையும் மழைக்கு முந்தைய மண்வாடையோடு கலந்து அறைக்குள் கனமாகத் தேங்கியிருக்க, சுவரில் சாய்த்துவைத்த கண்ணாடித் தகடுகள் தெருவில் ஒவ்வொரு வண்டி போகும்போதும் பல் கிட்டுவதுபோல ஒன்றோடொன்று மெல்ல உரசிக்கொண்டன. கொசு கண்ணைக் கசக்கிக்கொண்டான். இரவு சரியாகத் தூங்கவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இல்லாததைக் கண் இட்டு நிரப்பும், அதை நம்பித்தானே இந்தத் தொழிலே நடக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"மரத்த எப்படிப் பிடிச்சிருக்கு பாருங்க" என்று அக்கா தொடர்ந்தார். "பட்டையில நகம் பதிஞ்சிருக்கு. வெறும் தாளை விட்டே இத்தனையும் கொண்டுவந்துட்டான், படவா."

மீசை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான். "கை அருமை, ஒத்துக்கிறேன். ஆனா கைக்கும் புள்ளைக்கும் நடுவுல இவ்வளவு எடம் எதுக்கு? ஈ ஓட்டுற கடை மாதிரி காலியாக் கெடக்கு. பாக்கிறவனுக்கு பயம் வரணும்னா அத கிட்டக் கொண்டுவரணும் கொசு. தோளுக்குப் பக்கத்துல."

"இருட்டா இருக்கு, வெளிச்சம் போடுறேன்" என்று அண்ணன் எழுந்து படத்துக்குக் குறுக்கே நடந்தார். அவருடைய அகன்ற முதுகு ஒரு மூச்சு நேரம் படத்தை மறைத்தது. விளக்கு எரிந்தது.

கை சிறுமியின் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது.

"இப்ப வெளிச்சத்துல பாத்தா கிட்டத்தான் வச்சிருக்கான்" என்றான் மீசை. "நான்தான் சரியாப் பாக்கல. சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்."

கொசு முன்னால் குனிந்தான். கை மரத்தைப் பிடித்திருந்த இடத்தைத் தேடினான். அங்கே கோடுகள் நெருக்கமாக அடைத்துக்கொண்டிருந்தன. கொசுக்கால் கோடுகள். அவனுடைய கை இழுத்த கோடுகளேதான். எப்போது இழுத்தான்?

அண்ணன் இடுப்பில் கைவைத்து நின்றார். "எனக்கு வரையத் தெரியாது. கடைக்கு வர்ற ஆள் கேக்கிற மாதிரி கேக்கிறேன். கை இருக்கு. கைக்கு உரிய ஆசாமி எங்க?"

வேண்டாம் என்று கொசு நினைத்தான்.

"இருக்கே அண்ணே" என்றார் அக்கா. "மேல பாருங்க. கிளைக்குள்ள தலை குனிஞ்சிருக்கு. கழுத்து எவ்வளவு நீளம்."

அவன் மேலே பார்க்கவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. கிளைகளுக்கு நடுவே, அவன் தூரத்து வானம் என்று விட்டுவைத்திருந்த இடம், முகமில்லாமல், மகளின் உச்சந்தலையை நோக்கிக் குனிந்திருந்தது.

"அத நான் வரையல" என்றான்.

மூவரும் திரும்பினார்கள். பிறகு சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல, நண்பர்களின் சிரிப்பு. அதுதான் அவனை இன்னும் நடுக்கியது.

"ஆரம்பிச்சுட்டான்" என்றான் மீசை. "பேனா தானா ஓடுச்சு, நான் சும்மா பிடிச்சிருந்தேன். அதானே? நானும் சொல்லியிருக்கேன்ப்பா, பத்திரிகைக்காரங்ககிட்ட."

"அக்கா, சத்தியமா. வீட்டுலேருந்து கொண்டுவரும்போது அங்க ஒண்ணுமே இல்ல. வெறும் வெள்ளை."

"இப்பவும் வெறும் வெள்ளைதானே தம்பி" என்றார் அக்கா, குழந்தைக்குச் சொல்வதுபோல. "அதானே இதோட அழகு."

அவன் பாய்ந்து படத்தைக் கீழே இறக்கினான். மேசைமேல் கிடத்தினான். பைக்குள்ளிருந்து பேனாவையும் மைப்புட்டியையும் எடுத்தான். கூட்டத்தில் யாரும் இதுவரை எல்லோர் முன்னும் திருத்தியதில்லை என்பதால் மூவரும் ஆவலோடு சுற்றி நின்றுகொண்டார்கள். அக்காவின் மூச்சு அவன் காதில் பட்டது. மழை கூரைத் தகரத்தில் விழத் தொடங்கியது.

விரல்களின்மேல் கறுப்பை அடைத்தான். மை ஓரத்துக்கு வழிந்தது. தாள் அதை உள்ளே வாங்கவில்லை. எண்ணெய் பட்ட இடம்போல ஒதுக்கித் தள்ளியது. ஒதுங்கிய மை விரல்களைச் சுற்றிக் கரை கட்டிக்கொள்ள, அவை முன்னைவிடக் கூர்மையாகத் தெரிந்தன. நகங்கள். கணுக்கள்.

"அட்றா" என்றான் மீசை மெதுவாக.

கறுப்பு ஆகாது. சரி. வெள்ளை. பிழை மறைக்கும் வெள்ளை மையைத் திறந்து, தூரிகை நிறைய எடுத்து, அந்த உருவத்தைச் சுற்றியிருந்த கரையின்மேல் அப்பினான். அப்பிய மறுகணமே தெரிந்துவிட்டது, எவ்வளவு பெரிய மடத்தனம் என்று. அது வெள்ளையால் ஆனது. அவன் அதற்குச் சதை போட்டுக்கொண்டிருந்தான். கை மணிக்கட்டுவரை தடித்தது. தோள் விரிந்தது. கறுப்பைக் கொடுத்தால் கூர்மையாகிறது, வெள்ளையைக் கொடுத்தால் பெரிதாகிறது. அவனிடம் இருந்ததோ இந்த இரண்டு புட்டிகள்தான்.

கிழித்துவிடலாம். தாளின் ஓரத்தைப் பிடித்தான். கிழிகிற கோடு நேராக வாலுவின் கழுத்து வழியே போகும் என்று கண் கணக்குப் போட்டது. விட்டுவிட்டான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடுறேன்" என்று மீசை தொடங்கினான்.

"சொல்லாத."

"கேளேன்."

"உன் கால்ல விழுறேன், சொல்லாத."

"எவ்வளவு ரோஷம் பாரு. உன் நல்லதுக்குத்தான். புள்ள முதுகக் காட்டி நிக்கிறா. அவ முகத்த இப்படித் திருப்பி, நம்மளப் பாத்துட்டான்னு வை..."

கொசு படத்தைக் குப்புறப் போட்டான். போட்டுவிட்டு, போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். விரல் மை போனெல்லாம் ஈஷிக்கொண்டது.

"நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றாள் மனைவி. "உங்க செல்ல மக காலைலேருந்து அந்தப் படிக்கட்டவிட்டு நகர மாட்டேங்கிறா. நீங்க நிக்கவச்ச எடத்துலயே. சாப்பிடக் கூப்பிட்டா திரும்பவும் மாட்டேங்கிறா. அசைஞ்சா தொலைச்சுடுவேன்னு சொன்னீங்களாமே, புள்ளகிட்ட பேசுற பேச்சா அது?"

"அவகூடப் பேசாத. திருப்பாத. நான் வரேன்."

"என்ன உளர்றீங்க? வீடு வேற ஒரே குளிரா... இருங்க. இதோ, தானாவே திரும்புறா."

பிறகு ஒன்றுமில்லை. மழைச் சத்தம். அது இந்தப் பக்கத்து மழையா அந்தப் பக்கத்து மழையா என்று தெரியவில்லை.

அவன் படத்தை அங்கேயே விட்டு ஓடினான். பின்னால் அண்ணன் தாளைத் திருப்பிப் பார்க்கும் சரசரப்பும், "ஆமாப்பா, இதுதான் சரி, இப்பதான் முழுசா இருக்கு" என்ற அவருடைய திருப்தியான குரலும் மாடிப்படி இறங்கும்வரை கேட்டன.

தெருவெல்லாம் தண்ணீர். செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனைவி படிக்கட்டின் அடியில் மண்டியிட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி, சோப்பு, நனைந்த துண்டு. வாலுவின் கன்னத்தை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் வந்ததைக் கேட்டும் திரும்பவில்லை.

"எங்கதான் போய்ப் பூசிக்கிட்டாளோ" என்றாள். குரல் அழுகைக்கும் எரிச்சலுக்கும் நடுவில் நின்றது. "உங்க மைதான். போகவே மாட்டேங்குது."

கொசு கிட்டே போனான்.

மகள் அவனைப் பார்த்து நின்றாள். அசையாமல். காலையில் போட்டிருந்த மஞ்சள் கவுனில் மஞ்சள் இல்லை. முகவாய்க்குக் கீழே, கழுத்தின் பள்ளத்தில், காதுக்குப் பின்னால், நிழல் விழவேண்டிய இடமெல்லாம் மெல்லிய கோடுகள். குறுக்கும் நெடுக்குமாக. கொசுக்கால் தடிமன். அவன் விளக்குக்கு முன்னால் வந்து நின்றான். அவனுடைய நிழல் அவள்மேல் விழுந்தது. கோடுகள் இருந்தபடியே இருந்தன.

அவள் கண் மட்டும் அசைந்தது. அவனை விட்டுத் தன் தோளைப் பார்த்தது. மறுபடி அவனைப் பார்த்தது.

"இதுக்கு எதப் போட்டா போகும்?" என்றாள் மனைவி. "சும்மா நிக்கிறீங்களே. உங்களுக்குத்தானே தெரியும், சொல்லுங்க."

அவனுக்குத் தெரியும். எதைப் போட்டாலும் போகாது.

மகளின் தோளில் கவுன் இல்லாத, தோல் இல்லாத, கோடும் இல்லாத நான்கு நீளப் பட்டைகள் கிடந்தன. வெறும் தாள் வெள்ளை. மனைவி துண்டை மறுபடி நனைத்துப் பிழிந்தாள். அவள் குனிந்த அந்த நேரத்தில், மகளின் முதுகுப்பக்கமிருந்து ஐந்தாவது பட்டை மேலே எழுந்து, அவள் கழுத்தைச் சுற்றி, நிதானமாக மடங்கியது.