நான்காவது துண்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை நீராவிக் குடிலில் இருந்தவர்கள் மூன்று பேர். கதவோரம், தண்ணீர் வாளியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு டிராகோ. குழாய், மின்சாரம், கூரை என்று எது கெட்டாலும் பார்ப்பவன். அடுப்புச் சூடு நேராக அடிக்கும் மேல்படியில் இர்ம்கார்ட் அம்மாள். குளிர்காலம் முழுக்கத் தன் வண்டிவீட்டிலேயே கிடக்கும் கிழட்டு ஜெர்மன்காரி. சன்னலுக்குக் கீழே நெவென்கா. கடற்கரை விடுதி மூடிக் கிடக்கும் மாதங்களில் எல்லாச் சாவியும் அவள் பொறுப்பு.

மூவர் உடம்பிலும் துணியில்லை. மூவருக்கும் அடியில் அவரவர் துண்டு. துண்டு விரிக்காமல் எங்கும் உட்காரக் கூடாது என்பது அந்த அம்மணக் கரையின் முதல் சட்டம். அடுத்தவர் உடம்பை உற்றுப் பார்க்கக் கூடாது என்பது இரண்டாவது. கோடையில் ஆயிரம் பேர் கூடினாலும் சரி, மார்கழிக் குளிரில் மூன்று பேர் மிஞ்சினாலும் சரி, சட்டம் சட்டம்தான்.

நாலாவது மூலையில், யாரும் உட்காராத பலகையில், ஈரத்தடம் ஒன்று இருந்தது. பிட்டமும் தொடைகளும் அழுந்திய தடம். வெறும் மரத்தில்.

"டேய், துண்டு போடாம உட்கார்ந்தது நீதானே?" என்றாள் இர்ம்கார்ட்.

"வெளியே போய்க் கண்ணாடியை மாட்டிட்டு வந்து பாருங்கம்மா. அந்தத் தடம் என் ஒரு தொடைக்குக் காணாது."

கண்ணாடி இல்லாவிட்டால் கிழவிக்குத் தன் கைவிரலே தெரியாது. அதைச் சொல்லித்தான் அவன் எப்போதும் அவளைச் சீண்டுவான்.

நெவென்கா எழுந்து துடைக்கப் போனாள். வியர்வை சொட்டும் அந்தச் சூட்டில் பலகை மட்டும் சில்லென்று இருந்தது. கவிழ்த்துப் போட்ட பழைய படகின் அடியில் குனிந்தால் வருமே, அந்த வாடை. அவளுக்கு எதையும் முறையாகச் செய்தாக வேண்டும். அலமாரியிலிருந்து பழைய மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்து, நான்கு முனையும் இழுத்து, அங்கே விரித்தாள்.

"யாரோ வேலி தாண்டி வர்றாங்க போல. வர்றது வரட்டும், முறையா உட்காரட்டும்."

"துண்டு போட்டு இடம் பிடிச்சுக் குடுக்கிறீங்களாக்கா?" டிராகோ சிரித்தான்.

அவளும் சிரித்தாள். அந்த நாட்களில் சிரிப்பு அவளுக்குச் சுலபமாக வந்தது. ரியெகா நகரத்தில் இருக்கும் மகள் டிஹானா, பேத்தி லோரா பிறப்பதற்கு முன்பே சண்டை போட்டுக்கொண்டு போனவள், போன வாரம் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்: 'போன்ல பேசினா நீ கத்துவே, நான் வெச்சிடுவேன். உன் கைப்பட ஒரு கடிதம் எழுது. கிறிஸ்துமஸுக்குள்ள வந்தா பேத்தியைப் பார்ப்பே. வரலேன்னா இனி கேட்காதே.' அந்தக் கடிதத்தைத்தான் நெவென்கா நாளெல்லாம் மனசுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு, போரா காற்று மலையிலிருந்து இறங்கிப் பைன் மரங்களைச் சீப்பால் வாருவதுபோல வாரிக்கொண்டிருக்க, பூட்டிய ஐஸ்கிரீம் கடையின் தகரம் எங்கோ விட்டுவிட்டு அடித்துக்கொண்டிருக்க, மூவரும் நீராவியிலிருந்து நேராகக் கடலில் முங்கப் போனார்கள். நெவென்கா முதலில் திரும்பினாள். மஞ்சள் துண்டு நனைந்திருந்தது. மேலே பொடிமணல், பாசி இழை. நடுவில் குழி, இப்போதுதான் யாரோ எழுந்து போனாற்போல.

பின்னாலேயே இர்ம்கார்ட் வந்தாள். துடைத்துக்கொள்ளவில்லை. கொக்கியிலிருந்த தன் கம்பளிக் கோட்டை எடுத்து ஈர உடம்பின்மேல் மாட்டினாள். ஒரு பொத்தானை விரலால் உருட்டிப் பார்த்தாள். பிறகு அதை முகர்ந்தாள். பிறகுதான் துளையில் நுழைத்தாள்.

"சூப் வெச்சிருக்கேம்மா, குடிச்சிட்டுப் போங்க."

அவள் திரும்பாமல் வெளியே நடந்தாள். கோட்டுக் கையிலிருந்து தண்ணீர் வழிந்தபடி இருந்தது. சற்று நேரத்தில் கார் கிளம்பும் சத்தம், வாசற்கதவு கிறீச்சிடும் சத்தம்.

"கிழவிக்கு என்ன கோபம்?" என்றபடி வந்தான் டிராகோ. "என்னைத் தாண்டி ஓடுது, ஒரு வார்த்தை இல்ல."

கீழே கடலில், இடுப்பளவுத் தண்ணீரில், யாரோ அம்மணமாக நின்று கையை உயர்த்துவது நெவென்காவுக்குத் தெரிந்தது. குளிர்க் குளியல்காரர் யாரோ. இவளும் கையை உயர்த்தினாள். பிறகு, மரியாதைக்கு, பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை கொக்கிகளுக்கு மேலிருந்த பலகையில் இர்ம்கார்டின் கண்ணாடியைப் பார்த்தாள். மடித்து, உறையில் போட்டு, பத்திரமாக. கண்ணாடி இல்லாமல் கார் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள்.

உறையைக் கையில் வைத்தபடி அவள் நின்றபோது டிராகோ வந்தான். உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, நேத்து தண்ணியில நின்ன அம்மா இன்னும் அங்கேயே நிக்குது."

"யாரு?"

"உத்துப் பார்க்க முடியுமா? முகத்தை மட்டும் பார்த்தேன்." கடல் பக்கம் கை காட்டினான். "நம்ம இர்ம்கார்ட் அம்மா."

"அவங்க கார்ல போனாங்களேடா."

"போனாங்க. நானும்தான் பார்த்தேன். கூப்பிட்டா திரும்புறாங்க, கண்ணு மட்டும் சிமிட்டல."

"போலீஸுக்குப் போன் போடு."

"போட்டேன். அம்மணக் கரையில அம்மணமா ஒரு பொம்பளை நிக்குதான்னு சிரிக்கிறான். நேர்ல போய் இழுத்துட்டு வரேன். நீங்களும் வண்டியில ஏறுங்க."

"தபால்காரி வர்ற நேரம். கடிதத்தைக் குடுத்துட்டு அவ கூடவே கிளம்பிடறேன். நீ போ."

அவன் போனான். அவள் உட்கார்ந்து எழுதினாள். வாரமெல்லாம் வராத வார்த்தைகள் இப்போது தடையில்லாமல் வந்தன. 'நீங்கள் இங்கே வரவே வேண்டாம். நான் வருகிறேன். எந்த நேரத்தில் வந்தாலும் கதவைத் திற. ஒன்றும் கேட்காதே. குழந்தையை ஒருமுறை என் மடியில் கொடு.' முகவரி எழுதிய உறைக்குள் அதை வைத்தாள். ஒட்டவில்லை, வழியில் ஒட்டிக்கொள்ளலாம் என்று கோட்டுப் பையில் செருகினாள்.

வாசலுக்குப் போகும் பாதை கரையை ஒட்டித்தான் போகிறது.

"நெவென்கா."

கிழவியின் குரல்தான். மெலிந்து, தண்ணீர்மேல் வழுக்கி வந்தது. "கை குடும்மா. கால் வரல."

பார்க்காமல் போயிருக்கலாம். பத்து அடி போனாள். மறுபடி குரல். கிழவி உயிரோடு இருக்கிறாள். விறைத்துச் சாகப் போகிறாள்.

அந்தக் கரையில் யாரும் துணியோடு தண்ணீரில் இறங்குவதில்லை. அதிலும் குளிர்காலக் கோட்டு; நனைந்தால் கல்லாக இழுக்கும். கை தானாகவே பொத்தான்களைக் கழற்றியது. பாறைமேல் கோட்டு, பாவாடை, காலணி. எல்லாம் மடித்து, முறையாக.

தண்ணீர் வெட்டியது. முழங்கால். தொடை. இடுப்பு. இர்ம்கார்டின் கையைப் பிடித்தாள். அதில் சூடும் இல்லை, குளிரும் இல்லை.

"வாங்கம்மா, போலாம்."

"ஏன் வந்தே?" என்றாள் கிழவி. அழுதுகொண்டிருந்தாள். "என் வாய் கூப்பிட்டுச்சு. நான் கூப்பிடல."

நெவென்கா காலைத் தூக்கினாள். வரவில்லை. மறு கால். வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள்.

பாறையருகே ஒருத்தி. ஈர முதுகு. நெவென்காவின் முதுகு, தோளில் அதே மச்சம். பாவாடையை மாட்டினாள். கோட்டை மாட்டினாள். ஒரு பொத்தானை முகர்ந்தாள். பையில் கை விட்டாள். கடிதம். வாசித்தாள். மெதுவாக. மறுபடியும் வாசித்தாள்.

பிறகு நிமிர்ந்து கடலைப் பார்த்தாள். நெவென்காவின் முகம். அதில் ஒரு சிரிப்பு, இன்னும் சரியாகப் பழகாத சிரிப்பு.

மேலே ஸ்கூட்டர் சத்தம். தபால்காரி யாட்ரான்கா.

"என்ன நெவென்கா, தலையெல்லாம் ஈரம்? இந்தக் குளிர்ல முங்கினியா? உங்க கூட்டத்துக்கே கிறுக்குதான்."

கோட்டு மாட்டியவள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். உறையை வாயருகே கொண்டுபோனாள். நாக்கு வெளியே வந்தது. சாம்பல் நிறம். நீளம். பசை ஓரம் முழுவதும் ஒரே இழுப்பு. கட்டைவிரலால் அழுத்தினாள். கொடுத்தாள்.

"ஓ, மகளுக்கா! நாளைக்கே கிடைச்சிடும், போ."

நெவென்கா கத்தினாள். வாயிலிருந்து தண்ணீர்தான் வந்தது. கையை உயர்த்தினாள். இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினாள். பக்கத்தில் இர்ம்கார்டும்.

யாட்ரான்கா பார்த்தாள். தண்ணீரில் இரண்டு அம்மண உருவங்கள். பதிலுக்கு ஒரு கையை லேசாக அசைத்தாள். பிறகு, நாகரிகம் தெரிந்தவளாக, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடிதம் தோல்பைக்குள் போனது. பை பூட்டப்பட்டது. ஸ்கூட்டர் மலைச்சாலை ஏறியது. அதன் பின்னால், பேருந்து நிறுத்தம் இருக்கும் பக்கமாக, நடை இன்னும் பழகாத கால்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, நெவென்காவின் கோட்டு போய்க்கொண்டிருந்தது.