மூச்சை இழுத்துப் பிடிங்க

பொம்மையின் சிறுநீரகம் அசைந்தது.

மயிரிழைதான். ஸ்கேன் திரையில் அவரை விதைபோலத் தெரிந்த அந்தச் சாம்பல் நிழல் மெல்லக் கீழிறங்கி, மறுபடி மேலேறியது. தன் கைதான் நடுங்கியிருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள். மூன்று வாரமாகவே அந்தக் கை சொல்பேச்சுக் கேட்பதில்லை.

சிறுநீரக மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கும் டாக்டர் அவள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், ரப்பரும் ஸ்பிரிட்டும் சேர்ந்து நாறும் அடித்தளப் பயிற்சி அறையில் தனியாக நின்றிருந்தாள். எதிரே குப்புறக் கிடந்தது விலாவிலிருந்து இடுப்புவரை மட்டுமே உள்ள ஒரு ரப்பர் முதுகு. தலை இல்லை, கை கால் இல்லை. திரையில் வெள்ளைக் கோடாகத் தெரியும் ஊசியைப் பார்த்தபடி அதை உள்ளே செலுத்தி, விசையை அழுத்தி, நூலளவு சதையை வெட்டி எடுக்க வேண்டும். ஐம்பது முறை. அதற்குப் பிறகுதான் நோயாளியைத் தொடலாம் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

காரணம், மூன்று வாரத்துக்கு முன் இதே பரிசோதனைக்காக அவளிடம் வந்த ஒரு தையல்காரர். மூச்சு விட விட, சிறுநீரகமும் கூடவே ஏறி இறங்கும். ஆகவே விசையை அழுத்துமுன், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லியாக வேண்டும். அவள் சொல்ல மறந்தாள். "வலிக்காது இல்ல பாப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்த மனிதர், உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து போய்ச் சேர்ந்தார். 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று குறிப்பில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

நிழல் இறங்கியது. ஏறியது. நிதானமாக, தூங்குகிறவர் மூச்சைப்போல.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போன உதவியாளரை ஃபோனில் அழைத்தாள்.

"அண்ணே, இந்தப் பொம்மையில மோட்டார் ஏதாச்சும் வெச்சிருக்காங்களா?"

"மோட்டாரா? வெறும் ஜெல்லு டாக்டர் அது. ஏன், எந்திரிச்சு நடக்குதா?" அவர் சிரித்தார். "முதல்ல போய்ச் சாப்பிடுங்க. பசியில கண்ணைக் கட்டும்."

அவளும் சிரித்துவைத்தாள். ஃபோனைக் கீழே வைத்ததும் குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம் மட்டும் மிஞ்சியது. அதற்கடியில் இன்னொரு சத்தம், ஈரத்துணியை மெதுவாக இழுப்பதுபோல. உள்ளே ஒரு இழுப்பு. வெளியே ஒரு இழுப்பு. ரப்பர் தோலில் கை வைத்தாள். வெதுவெதுவென்றிருந்தது.

தன்னையறியாமல், பழக்க தோஷத்தில், வாய் சொல்லிவிட்டது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

நிழல் நின்றது.

சத்தமும் நின்றது.

அவள் ஊசியைத் தட்டில் போட்டாள். ஸ்கேன் முனையை முதுகிலிருந்து எடுத்து அதன் கொக்கியில் மாட்டினாள். திரை இருண்டிருக்க வேண்டும். இருளவில்லை. சிறுநீரகம் அப்படியே தெரிந்தது. ஆனால் இது வேறு. கொஞ்சம் சின்னது. படபடவென்று துள்ளிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தன் இடது விலாவுக்குக் கீழே, சட்டைக்குள், ஜில்லென்று எதுவோ வழிவது தெரிந்தது. தொட்டுப் பார்த்தாள். விரலில் பிசுபிசுவென்று, ஸ்கேன் செய்யுமுன் தோலில் பூசும் ஜெல். அதே இடத்தில் வட்டமாக, உறுதியாக, ஸ்கேன் முனையை வைத்ததுபோல ஒரு அழுத்தம். திரும்பினாள். யாருமில்லை. அழுத்தமும் கூடவே திரும்பியது.

அவள் விக்கினாள். திரையில் நிழல் துள்ளியது.

மூச்சை அடக்கினாள். நிழல் நின்றது.

கத்தலாம். கத்த மூச்சு வேண்டும்.

திரையின் மேல் மூலையிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு இறங்கத் தொடங்கியது. அவசரமே இல்லாமல். தோலைக் கடந்து. சதையைக் கடந்து. சிறுநீரகத்தின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் வந்து நின்றது.

யாரும் எதுவும் சொல்லவில்லை. அவள் நெஞ்சு எரிந்தது. கண் இருட்டியது. வெள்ளைக் கோட்டின் நுனி, அசையாமல், அவளுடைய அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தது.