ஐஸ் வண்டியில் விழுந்த விரிசல்

ஐஸ் கம்பெனிக்காரம்மா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

"சார், கூடப் பொறந்த தம்பியே எனக்குக் குழி பறிக்கிறான்னு சொல்றாங்க. சாயங்காலம் போலீசுக்குப் போகணும்னு மருமகன் சட்டையை மாட்டிக்கிட்டு நிக்கிறார். போறதா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

சர்வேயர் மின்விசிறியைப் போட்டுவிட்டு நாற்காலியைக் காட்டினார். அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, சேதம் எதனால் வந்தது என்று சொல்வது அவர் தொழில். கண்ணால் காணாத இரும்பைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து வாயைத் திறப்பதற்கென்றே அவர் மனைவியின் தம்பி கூட இருந்தான். குறைமாதத்தில் பிறந்தவன் என்பதால் வீட்டில் அவனுக்கு 'அவசரம்' என்று பெயர் வைத்தார்கள். தலையில் நரை எட்டிப் பார்க்கும் வயதிலும் அந்தப் பெயர் அவனுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

"என்ன குழிம்மா?" என்றான் அவசரம், நாற்காலி நுனிக்கு வந்து.

அந்த அம்மா விவரமாகச் சொன்னார். கணவர் போன பிறகு கம்பெனியைத் தாங்கிப் பிடித்தது ஒரு பிக்கப் வண்டியும் அதை ஓட்டிய தம்பியும்தான். விடியும் முன் ஐஸ் பாளங்களை மரத்தூள் தூவி அடுக்கி, ஒரு மலைமேட்டைத் தாண்டித் துறைமுகத்தில் இறக்க வேண்டும். கொஞ்ச நாளாக ரேடியேட்டரில் தண்ணீர் நிற்கவில்லை. கீழே ஒரு சொட்டும் ஒழுகவில்லை. ஆனாலும் காலையில் நிரப்பினால் துறைமுகம் சேர்வதற்குள் வற்றிவிடுகிறது. போன வாரம் மேட்டில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. ஐஸ் எல்லாம் ரோட்டில் உருகி ஓடியது. ஐஸை நம்பியிருந்த படகுகளில் பிடித்த மீன் நாறிப்போயிற்று. இன்னொரு தடவை இப்படி ஆனால் எதிர்க் கம்பெனிக்குப் போய்விடுவோம் என்று படகுக்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

"மெக்கானிக் கழட்டிப் பாத்தார். இஞ்சினுக்கு மேல மூடி மாதிரி இருக்கிற சிலிண்டர் ஹெட்டு விரிசல் விட்டுருக்காம். தண்ணி இல்லாம ஓட்டினா அப்படித்தான் ஆகுமாம். தம்பி தினம் நிரப்பினேன்னு சத்தியம் பண்றான். நிரப்பின தண்ணிக்கு என்ன இறக்கையா மொளைக்கும்? வழியில அவனே திறந்து விடுறான்னு மருமகன் சொல்றார். எதிர்க் கம்பெனிக்காரன் அவனை வேலைக்குக் கூப்பிட்டிருக்கான். அது பொய்யில்ல. தம்பியே சொன்னான்."

"அவரே சொன்னாரா?" என்றார் சர்வேயர்.

"சிரிச்சுக்கிட்டே சொன்னான். இப்ப நெனச்சுப் பாத்தா அந்தச் சிரிப்பே சரியில்லன்னு தோணுது."

அவசரத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. "அத்தான், கேஸ் முடிஞ்சுது" என்று எழுந்தவன், சர்வேயர் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்தான்.

மெக்கானிக் ஷெட் ரயில்வே சுவரை ஒட்டி இருந்தது. மெக்கானிக் நெடுநெடுவென்று உயரமாக இருந்தார். ஒரு சொல்லில் முடியும் பதிலுக்கு இரண்டாவது சொல்லைச் செலவழிக்க மாட்டார். பிக்கப் வாயைத் திறந்தபடி மூலையில் நின்றது. பின்தட்டில் ஈரச் சாக்குகளும் மரத்தூளும் அப்படியே கிடந்தன. கழற்றிய ஹெட் மேஜைமேல் மல்லாந்திருந்தது.

சர்வேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். டீசல் எரியும் நான்கு குழிகளில் மூன்று கரியேறிக் கறுத்திருந்தன. இரண்டாவது மட்டும் சாம்பல் போட்டுத் துலக்கிய பாத்திரம் மாதிரி பளபளத்தது. அந்தக் குழியின் இரண்டு வால்வுகளுக்கு நடுவே தலைமுடி கிடப்பதுபோல ஒரு கோடு.

"இதை நீங்க தொடைச்சீங்களா?"

"இல்ல. திறந்தப்பவே அப்படித்தான்."

"வெல்டிங் வெப்பீங்களா?"

"அந்த இடத்துல நிக்காது. வேற ஹெட்டுதான்."

சர்வேயர் தலையாட்டிவிட்டு வண்டிப் பக்கம் போனார். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுரண்டினார். பழுப்பாகக் கூழ்போல ஏதோ வந்தது. அதைக் காகிதத்தில் தேய்த்து, வெயிலில் காட்டி, மூக்கருகே கொண்டுபோனார். காய்ந்ததும் அது உதிரி உதிரியாகப் பிரிந்தது. மரத்தூள்.

அவசரத்தின் கண்கள் விரிந்தன. சர்வேயர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"மாப்ளே, ஐஸுங்கிற சொல்லும் மரத்தூளுங்கிற சொல்லும் நான் சொல்ற வரைக்கும் உன் வாயில வரக்கூடாது. யார்கிட்டயும்."

அவசரத்துக்கு இது பட்டினி போட்டதுபோல இருந்தது. ஆற்றாமையை மெக்கானிக்கிடம் காட்டினான். "வண்டியோட இன்னொரு சாவி உங்ககிட்ட இருக்காமே?"

"இருக்கு" என்றார் மெக்கானிக். 'இருக்கு' என்பதை இப்படி அழுத்திச் சொல்பவனை நம்பக்கூடாது என்று அவசரம் மனதுக்குள் குறித்துக்கொண்டான்.

தம்பிக்காரர் வீட்டில்தான் இருந்தார். குள்ளமான மனிதர், கட்டிலில் உட்கார்ந்தால் கால் தரையில் பாவவில்லை. வந்தவர்களை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அக்கா அனுப்பிச்சாளா? கைவிலங்கு எங்க?"

"விலங்கு போலீஸ்காரங்ககிட்ட இருக்கும். எனக்கு வண்டியைப் பத்தித்தான் பேசத் தெரியும்" என்றார் சர்வேயர். "தண்ணி குறைய ஆரம்பிச்சது எப்ப?"

அந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை போலிருந்தது. தலை மெல்ல நிமிர்ந்தது. "புயல் எச்சரிக்கைன்னு துறைமுகத்தை மூடியிருந்தாங்க. அந்தச் சமயம் பாத்து எம் பொண்ணுக்குக் குடல்வால் ஆபரேஷன். லீவு போட்டு ஆஸ்பத்திரியில கிடந்தேன். திரும்பி வந்ததுலேர்ந்துதான் இந்தத் தலைவலி. காலையில ஸ்டார்ட் பண்ணினா பின்னாடி வெள்ளையா புகை, ஆவி மாதிரி. மருமகன்கிட்ட சொன்னேன். பனிக்காலம்னா அப்படித்தான் மாமா, அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன்னார்."

"வேற ஏதாவது மாறியிருந்துச்சா?"

"சீட்டு. கடைசிப் பல் வரைக்கும் பின்னாடி தள்ளியிருந்துச்சு. எனக்கு பிரேக்கே எட்டல. மெக்கானிக் எடுத்திருப்பார்னு நெனச்சேன்."

வெளியே வந்ததும் அவசரம் குதித்தான். "பாத்தீங்களா அத்தான்! நெட்டையன், சாவியும் கையில. ஒத்த வார்த்தைக்காரன், அவன்தான்!"

"மேட்டுல வண்டி கொதிச்சா மெக்கானிக் என்ன பண்ணுவார்?"

"ஓரங்கட்டி ஆற விடுவார்." சொல்லி முடித்த பிறகுதான் அவசரத்துக்குத் தன் பதில் தனக்கே உறைத்தது.

பிற்பகலில் எல்லாரும் மெக்கானிக் ஷெட்டில் கூடினார்கள். அம்மா பழைய டயர்மேல் உட்கார்ந்தார். தம்பி தூணில் சாய்ந்து, அக்காவைப் பார்க்காத பக்கமாக முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு வந்த மருமகனுக்கு உள்ளே நுழையத் தலையைக் குனிய வேண்டியிருந்தது. புழுக்கத்தில் எல்லாருக்கும் வேர்த்து ஊற்ற, அவர் மட்டும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தார்.

"சீக்கிரம் முடிங்க சார். ஸ்டேஷனுக்குப் போகணும்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க" என்று சர்வேயர் ஹெட்டைத் திருப்பி வைத்தார். "தண்ணி இல்லாததால விரிசல் வந்துச்சுன்னு எல்லாரும் நெனச்சீங்க. மெக்கானிக்கும் அப்படித்தான் நெனச்சார். அது தலைகீழ். இந்த ரெண்டாவது குழி மட்டும் ஏன் வெளுத்திருக்கு? இதுக்குள்ள தண்ணி இறங்கிக்கிட்டே இருந்திருக்கு. இறங்கின தண்ணி ஆவியாகி, கரியைக் கழுவி எடுத்துக்கிட்டு, புகைக் குழாய் வழியா வெள்ளையா போயிருக்கு. அதான் கீழே ஒழுகல. ஒரு நாள் மேட்டுல நின்னதுக்கு இது இவ்வளவு சுத்தமாகாது. விரிசல் முதல்ல, தண்ணி போனது அப்புறம். உங்க தம்பி ஓட்டை வண்டியில தினம் தண்ணி ஊத்தி உங்க தொழிலைக் காப்பாத்திக்கிட்டு இருந்தார்."

மெக்கானிக் குனிந்து பார்த்தார். "சரிதான்" என்றார். அது அவருக்கு ஒரு பிரசங்கம்.

"அப்ப விரிசல் எப்படி வந்துச்சு?" என்றார் அம்மா.

"தம்பி லீவுல இருந்தப்ப யாரோ வண்டியை எடுத்துருக்காங்க. பாரத்தோட மேட்டுல ஏத்திக் கொதிக்க விட்டிருக்காங்க. மூடியைத் திறந்ததும் தண்ணி பீறிட்டு வெளியே போயிருக்கும். காஞ்சு கொதிக்கிற இஞ்சின்ல சில்லுன்னு தண்ணியை ஊத்தியிருக்காங்க. இரும்பு தாங்குமா?"

"சாவி மெக்கானிக்கிட்டயும் இருக்கே" என்றார் மருமகன்.

"இருக்கு. ஆனா தெரியாத்தனமா நடந்த மாதிரி எனக்குத் தோணல." சர்வேயர் குரலை உயர்த்தாமலே சொன்னார். "கம்பெனியைக் கவுக்கணும்னே திட்டம் போட்டவன் செஞ்ச வேலை. போலீஸ்ல அப்படித்தான் எழுதப்போறேன். வண்டி சரிவுல பின்னாடி உருண்டு நாலு பேர் செத்திருந்தா, கொலைன்னே எழுதியிருப்பேன்."

அவசரம் திடுக்கிட்டான். அத்தான் இப்படி மிகைப்படுத்திப் பேசி அவன் கேட்டதேயில்லை.

மருமகன் ஒரு அடி முன்னால் வந்தார். "அபாண்டமா பேசாதீங்க சார்! கவுக்கணும்னு யார் நெனச்சா? பதட்டத்துல ரெண்டு துண்டு ஐஸைப் போட்டா இரும்பு பிளந்துடும்னு யாருக்குத் தெரியும்?"

அவசரம் நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டான்.

"நான் தண்ணின்னுதானே சொன்னேன்" என்றார் சர்வேயர். பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்தார். "ரேடியேட்டருக்குள்ள மரத்தூள் இருந்துச்சு. ஐஸோட போனாத்தான் அது அங்க போகும். சீட்டை அவ்வளவு தூரம் தள்ளினா தம்பிக்கு பிரேக் எட்டாது. மெக்கானிக்குக் கையில ஐஸ் ஏது? இருந்தாலும் போட மாட்டார். வெள்ளைப் புகையைப் பத்தித் தம்பி சொன்னது அம்மா காதுக்குப் போகவிடாம நிறுத்தினது ஒரே ஒருத்தர். மூடியைத் திறந்தவன் கையில ஆவி அடிச்சிருக்கணும். அந்தக் கையைக் கொஞ்சம் மடிச்சு விடுங்களேன்."

மருமகன் மடிக்கவில்லை. அந்த அம்மாவே எழுந்து போய்ப் பொத்தானைக் கழற்றினார். முன்கை முழுக்கத் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"வெந்நீர்ப் பானை கவுந்துடுச்சுன்னு என் பொண்ணுகிட்ட சொன்னீங்களே."

"அத்தை..." அந்த நெட்டை மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மேட்டுக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு குளிர்கிடங்கு திறந்துருக்காங்க. ஐஸ் கொண்டுபோய்க் காட்டி வாடிக்கை பிடிச்சுட்டா, உங்க முன்னாடி நிமிர்ந்து நிக்கலாம்னு நெனச்சேன். எதுக்கெடுத்தாலும் தம்பி தம்பிம்பீங்க. வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து நான் ஒரு ஆளாவே தெரியல உங்களுக்கு. அப்புறம் மாமா புகைன்னு வந்து நின்னதும் பயந்துட்டேன். ஒரு பொய் சொன்னேன். அது இன்னொண்ணைக் கேட்டுச்சு."

"போலீஸையும் கேட்டுச்சோ?" என்றார் தம்பி. அன்று ஷெட்டில் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அம்மா அவர் பக்கம் திரும்பினார். "தம்பி..."

"அவன் வண்டியைப் பத்திப் பொய் சொன்னான்க்கா. என்னைப் பத்தி நம்புனது நீ." சாவியை ஹெட்டின்மேல் வைத்துவிட்டு அவர் நடந்தார். டயரைத் தட்டிவிட்டபடி அக்கா பின்னால் ஓடினார். அவர் நிற்கவில்லை.

புது ஹெட் பூட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, அந்த அம்மா தம்பி வீட்டு வாசலில் போய் நின்றதாகவும், தம்பி மனைவி நாற்காலி போட்டும் உட்கார மறுத்ததாகவும் அவசரத்துக்குச் செய்தி வந்தது. மருமகனும் போனாராம். கதவு திறந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை.

வண்டி முதல் நடை போகும் விடியற்காலையில் சர்வேயரும் அவசரமும் கம்பெனிக்குப் போனார்கள். மருமகன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஐஸ் பாளங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா வாசலைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். படகுக்காரர்களின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

கடைசிப் பாளம் ஏறும் நேரத்தில் தம்பி வந்தார். யாரையும் பார்க்காமல், "மீன் என்ன பாவம் பண்ணுச்சு" என்று பொதுவாகச் சொன்னார். பிறகு மருமகனைப் பார்த்து, "பக்கத்துல ஏறு. மேட்டுல எந்த கியர்ல போறதுன்னு காட்டுறேன்" என்றார்.

அம்மா சாவியை நீட்டினார். தம்பி வாங்கவில்லை. "முதல்ல தண்ணியைப் பாரு."

"வேண்டாம்டா. நீ சொன்னாப் போதும்."

"அட, பாருக்கா. உனக்காக இல்ல. புது ஹெட்டு, யாராயிருந்தாலும் பாத்துட்டுத்தான் எடுக்கணும்."

தம்பியே பானெட்டைத் தூக்கி மூடியைத் திறந்தார். குள்ளமானவர் என்பதால் பம்பர்மேல் ஏறி நின்றார், அக்கா எட்டிக் குனிந்தார். இருவர் தலையும் ரேடியேட்டருக்கு மேலே ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

"இடிச்சுட்டியே" என்றார் அக்கா.

"நீ நகரு" என்றார் தம்பி.

தண்ணீர் விளிம்பு வரை நின்றது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி சாவியை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, சீட்டை ஒரு பல் முன்னால் இழுத்து, வண்டியைக் கிளப்பினார்.