அரை நொடி முந்தி

டிஜிட்டல் செட்தான் முதலில் பேசியது.

மேஜையின் வலது ஓரத்தில் இருந்த புது வாக்கி டாக்கியில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அண்ணனின் குரல் தெளிவாக வந்தது. அது முடிவதற்குள் இடது ஓரத்தில் இருந்த பழைய அனலாக் செட்டிலும் அதே "ஒண்ணு, ரெண்டு, மூணு" கரகரப்போடு எட்டிப் பிடித்தது. அவள் நோட்டில் எழுத எடுத்த பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு வருடமாக இந்த செட்டுகளோடு குப்பை கொட்டுகிறாள், இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை. அனலாக்கில் வாயைத் திறந்ததும் மறுமுனையில் கேட்டுவிடும். டிஜிட்டல் அப்படியில்லை. குரலை எண்ணாக்கி, அனுப்பி, மறுபடி குரலாக்கிக் கொடுப்பதற்குள் அரை நொடியாவது தின்றுவிடும். எந்தக் கம்பெனி செட்டானாலும் டிஜிட்டல் பின்னால்தான் வரும், முந்தவே முடியாது.

அந்த அரை நொடிக்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடு. கட்டுமான இடத்தின் இருபது செட்டையும் நாளைக் காலைக்குள் டிஜிட்டலுக்கு மாற்றச் சொல்லியிருந்தார் இன்ஜினியர். கிரேனை மட்டும் அனலாக்கிலேயே விட்டுவிடுங்கள் என்று அவள் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள். கீழே நிற்பவன் "நிறுத்து" என்று கத்தி, அது மேலே அரை நொடி கழித்துக் கேட்டால், அதற்குள் அந்த இரும்புக்கட்டு யார் தலைக்கு மேல் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. "நிரூபிச்சுக் காட்டும்மா, பாக்கலாம்" என்றார் அவர், ஏதோ அவள் வேலைக்குப் பயந்து சாக்குச் சொல்வதுபோல. கிரேன் ஓட்டுவது அவளுடைய அண்ணன். அதனால்தான் நிரூபித்தே தீருவது என்று வரிந்துகட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஏற்பாடு எளிமையானது. அண்ணன் அறுபது மீட்டர் உயரத்தில் கிரேன் கேபினில் உட்கார்ந்து, கைக்கு ஒரு செட்டாகப் பழையதையும் புதியதையும் வாயருகே பிடித்து, இரண்டின் பொத்தானையும் சேர்த்து அழுத்தி எண்ண வேண்டும். கீழே ஆபீஸாக வைத்திருக்கும் தகர கன்டெய்னருக்குள் இரண்டு செட்டையும் வைத்துக்கொண்டு எது எவ்வளவு பிந்துகிறது என்று அவள் போனில் பதிவு செய்ய வேண்டும். விடுமுறை நாளில் அங்கே வேறு யாருமில்லை. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக சிமெண்ட் தூசியில் சாய்ந்து விழுந்தது. ஏசி ஒரே சுருதியில் முனகியது. மேஜை முழுக்கச் சார்ஜரில் வரிசையாகச் சொருகப்பட்டிருந்த செட்டுகளிலிருந்து புது பிளாஸ்டிக்கும் சூடான பேட்டரியும் கலந்த வாடை மூக்கை அரித்தது. வெளியே காற்று அடிக்கும்போதெல்லாம் எங்கோ ஒரு தகரம் படபடத்து அடங்கியது.

அனலாக் செட் கரகரத்தது. "என்னடி, போதுமா? உங்க அண்ணி ஆறு மணிக்கு கடைக்குப் போகணும்னு மூணு தடவ போன் பண்ணிட்டா. பிள்ளைக்கு ஷூ வாங்கணுமாம்."

"ஒரு நிமிஷம் இருண்ணா. செட்ட மாத்தி வெச்சுட்டேன் போல."

மாற்றி வைக்கவில்லை. செட்டுகளில் ஒட்டிய பெயர்ச் சீட்டுகள் சரியாகவே இருந்தன. அவள் கேபிளைச் சொருகி, புது செட்டில் ஏற்றியிருந்த செட்டிங்ஸைக் கணினியில் திறந்து பார்த்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு செட்டை முழுதாகத் தயார் செய்துவிட்டு, அதே ஃபைலை மற்ற செட்டுகளுக்கும் நகலெடுத்துத் தள்ளுவது இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் செட்டின் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும். பேசுவது யார் என்று மற்ற செட்டின் திரையில் காட்டுவது அந்த எண்தான். அவள் அண்ணனின் செட்டை முதலில் தயார் செய்து, அவனுடைய ஏழாம் எண்ணோடு இருபதுக்கும் நகலெடுத்திருந்தாள். இந்த அறையில் இருந்த ஒவ்வொரு செட்டும் தன்னை அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

"நல்லா கிழிச்சேன்" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். அந்தத் தப்புக்கும் குரல் முந்திக்கொண்டு வருவதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கையில் பிடிக்க ஒரு தப்பு கிடைத்ததே பெரிய நிம்மதியாக இருந்தது. சோதனைக்கு வைத்திருந்த செட்டுக்குப் புது எண் கொடுத்து ஏற்றிவிட்டு, அனலாக் செட்டை எடுத்தாள்.

"அண்ணா, இன்னொரு தடவ எண்ணு."

ஜன்னலுக்குப் போய் மேலே பார்த்தாள். கேபின் கண்ணாடிக்குள் அண்ணனின் மஞ்சள் ஹெல்மெட் சின்னப் பொட்டாகத் தெரிந்தது. அவன் ஏதோ குனிந்து தேடிக்கொண்டிருந்தான், தண்ணீர் பாட்டிலாக இருக்கும். இரண்டு கையும் கீழே இருந்தது.

பின்னால் மேஜையில் டிஜிட்டல் செட் எண்ணியது. "ஒண்ணு, ரெண்டு, மூணு. போதுமாடி?"

அவன் இன்னும் குனிந்துதான் இருந்தான். பாட்டிலை எடுத்தான். குடித்தான். மூடினான். அதன்பிறகுதான் இரண்டு செட்டையும் வாயருகே கொண்டுபோனான்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றது அனலாக். "போதுமாடி?"

அவள் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். யாரோ விளையாடுகிறார்கள் என்று முதலில் தோன்றியது, பதிவு செய்து திருப்பிப் போடுகிறார்கள் என்று. ஆனால் நடந்ததைத்தானே பதிவு செய்ய முடியும்? அவளுக்கு அண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. சொன்னால் சிரிப்பான். சிரித்தாலும் பரவாயில்லை, அவன் சிரிப்பைக் கேட்டாலே பாதி பயம் போய்விடும். அப்பா போனபின் அவள் படிப்புக்காகத் தன் படிப்பை விட்டுவிட்டு இந்தக் கிரேனில் ஏறியவன் அவன். இன்றைக்கும் அவள் சொன்னாள் என்பதற்காகத்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறான்.

அனலாக் செட்டை வாயருகே கொண்டுபோனாள். பொத்தானை இன்னும் அழுத்தவில்லை.

"அட, பேய் பிடிச்சிருக்கும்டி உன் செட்டுக்கு" என்று சிரித்தது டிஜிட்டல். "வேப்பிலை அடி."

அவள் இன்னும் சொல்லவே இல்லை. சொல்ல நினைத்தது மட்டும்தான். கை தானாகப் பொத்தானை அழுத்தியது. "அண்ணா, இந்தப் புது செட்டுல உன் குரல் நீ பேசறதுக்கு முன்னாடியே வருது" என்று தன் வாய் சொல்வதை அவளே கேட்டாள்.

"அட, பேய் பிடிச்சிருக்கும்டி உன் செட்டுக்கு" என்று அனலாக்கில் சிரித்தான் அண்ணன். "வேப்பிலை அடி."

பாதி பயம் போகவில்லை. இருந்தது இரண்டு மடங்கானது.

டிஜிட்டல் செட்டின் குமிழைத் திருகி அணைத்தாள். பேட்டரியைக் கழற்றி மேஜையின் அடுத்த மூலையில் வைத்தாள். அறை அமைதியானது. ஏசியின் முனகல். தகரத்தின் படபடப்பு.

சார்ஜரில் ஒரு செட் விழித்தது.

சின்னப் பச்சை விளக்கு. பிறகு பக்கத்துச் செட்டில் ஒன்று. பிறகு வரிசையாக எல்லாம். எதையும் அவள் ஆன் செய்திருக்கவில்லை. எல்லாத் திரையிலும் ஒரே எண். ஏழு.

முதலில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. உயரத்தில் அடிக்கும் காற்று, கீழே இருப்பதைவிட முரட்டுத்தனமானது. பிறகு அண்ணனின் மூச்சு. அவன் வேலை முடிந்து கிளம்பும்போது பல்லிடுக்கில் அடிக்கும் சீட்டி. கேபின் கதவு திறக்கும் கிறீச். "வர்றேன் வர்றேன், உயிர வாங்காத" என்று அவன் குரல். இரும்பில் இரும்பு பட்டதுபோல ஒரு சத்தம். அதன்பிறகு வெறும் இரைச்சல்.

அவள் தன்னையறியாமல் நொடிகளை எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"கீழ வந்துட்டேன்டி" என்றன சார்ஜரில் இருந்த எல்லா செட்டும், ஒரே குரலில், உற்சாகமாக. "எங்க இருக்க?"

அதற்கு ஒரு பதிலும் வந்தது. அவளுடைய குரல்தான். "ஆபீஸ்லதான்ண்ணா இருக்கேன். உள்ள வா."

பச்சை விளக்குகள் அணைந்தன.

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நிம்மதியில் வந்த அழுகை அது. என்ன எழவோ, எந்தப் பிசாசோ, அது சொன்னதெல்லாம் இதுவரை நடந்திருக்கிறது. இதுவும் நடக்கும். அண்ணன் இறங்கி வருவான். கீழே நின்று கூப்பிடுவான். அவள் பதில் சொல்லுவாள். அவள் குரல் வந்தபோதும் திரையில் ஏழு என்றே இருந்தது, அதுகூட எண் மாற்றாத தன் குளறுபடிதானே என்று சமாதானம் செய்துகொண்டாள். இரண்டு பேரும் இந்த செட்டுகளை இப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இன்ஜினியர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு அனலாக் செட்டை எடுத்தாள்.

"அண்ணா, போதும். இறங்கி வந்துடு."

"அதுக்குள்ளயா? நிரூபிக்கணும்னு குதிச்ச?"

"ஒண்ணும் வேண்டாம். சீக்கிரம் வா. இப்பவே வாண்ணா. ப்ளீஸ்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? அழறியா?"

"நீ வா முதல்ல!"

ஜன்னலில் நின்று பார்த்தாள். கேபின் கதவு திறந்தது. அவன் வெளியே வந்து கதவுக்கும் ஏணிக்கும் நடுவில் இருக்கும் குறுகிய தட்டில் நின்றான். டிஜிட்டல் செட் சட்டைப் பையில் சொருகியிருந்தது. இன்னொரு செட் கையில். இடுப்புப் பட்டையின் கொக்கியைக் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் அந்தத் தட்டில் கால் வைப்பான், பத்து வருடமாக ஒருநாளும் தவறியதில்லை. இப்போது கொக்கி இடுப்பிலேயே தொங்கியது. அவன் செட்டை வாயருகே தூக்கினான்.

"வர்றேன் வர்றேன், உயிர வாங்காத."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஏணியில் இறங்கப் பத்து நிமிடம் ஆகும். அவன் எவ்வளவு ஓடினாலும் எட்டு. அவள் எண்ணியது நான்கு நொடி.

"அண்ணா! நில்லு! கொக்கி..."

கொக்கி கம்பியில் மோதியது. இரும்பில் இரும்பு.

ஒன்று.

மஞ்சள் ஹெல்மெட் வானத்தில் தனியாக வந்தது.

இரண்டு.

மூன்று.

விழுந்தது தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம். அவள் பார்க்கவில்லை. கன்டெய்னரின் தரை வழியாகக் காலில் உணர்ந்தாள். மேஜையில் பேனா உருண்டு விழுந்தது.

நான்கு.

பச்சை விளக்குகள். வரிசை முழுக்க.

"கீழ வந்துட்டேன்டி. எங்க இருக்க?"

நான்தான் வரச் சொன்னேன். நான்தான் அவசரப்படுத்தினேன். அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கூடவே அந்தக் குரல் அண்ணனுடையது என்பதும், அவன் கூப்பிட்டு அவள் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை என்பதும். பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கையிலிருந்த செட்டை வீசி எறிந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லால் உள்ளங்கையைக் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது. சொல்ல மாட்டேன். சொல்லவே மாட்டேன்.

"ஆபீஸ்லதான்ண்ணா இருக்கேன்" என்றன செட்டுகள், அவள் குரலில். "உள்ள வா."

அவள் வாய் மூடித்தான் இருந்தது.

வெளியே ஜல்லி நெரிந்தது. ஒரு காலடி. இழுபடும் சத்தம். மறுபடி ஒரு காலடி. காற்று நின்றிருந்தது. தகரம் படபடக்கவில்லை.

"இதோ வந்துட்டேன்."

இரும்புப் படி முனகியது. முதல் படி. இரண்டாவது படி.

கதவின் மங்கலான கண்ணாடியில் அண்ணனின் சட்டை நிறம் தெரிந்தது. அதன் இரண்டு தோளுக்கும் மேலே ஒன்றுமில்லை, வெயில் மட்டும்தான். முகம் கீழே, மார்பின் பக்கவாட்டில் தொங்கியபடி, கண்ணாடியோடு ஒட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது.