துப்பாக்கியோடு வந்தவள்

அன்று காலையும் துப்பாக்கிதான் சந்தனமேரியை எழுப்பியது. "நல்லாத் தூங்கினியா?" என்று கேட்டது. அவள் உள்ளங்கையை அதன் பிடியில் வைத்தாள். தோலுக்கடியில் பதித்திருந்த நாடிச்சில்லை அது சரிபார்த்துக்கொண்டது. அந்தச் சில்லு இருக்கும்வரை அவளைத் தவிர வேறு யாராலும் அந்தத் துப்பாக்கியைத் தூக்கக்கூட முடியாது. "தூங்கினேன்" என்றாள். சனிக்கோளின் டைட்டன் நிலவில், பதினான்காம் காவல்சாவடியில் அவளிடம் பேச வேறு நாதியில்லை.

பனிச்சுரங்கக் கலவரத்தின்போது மேரி போன்ற குடியேற்றத் தொண்டர்களுக்குப் பூமியின் ராணுவம் துப்பாக்கி கொடுத்தது. கலவரம் அடங்கி மூன்று வருடமாகிவிட்டது. கொடுத்ததைத் திரும்பப் பெறும் அதிகாரம் தனக்கே என்றது ராணுவம். தொண்டர்கள் தன் ஆட்கள், தன் கையெழுத்தில்லாமல் ஒரு தோட்டாவும் நகராது என்றார் குடியேற்ற ஆளுநர். ஒரு வார்த்தை பூமிக்குப் போய்ச்சேரவே ஒன்றேகால் மணி நேரம் ஆகும், சண்டை ஓய்வதாயில்லை. தீர்ப்பு வரும்வரை எந்தத் தொண்டரும் சாவடியை விட்டு அசையக்கூடாது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒற்றுமையாக இருந்தன.

கடைசியில் ராணுவம் வென்றது. துப்பாக்கியை வாங்கிப்போக லெப்டினன்ட் துரைசிங்கம் கப்பலில் வந்து இறங்கினார். எதிரே நின்று ஒரு மனிதர் பேசியதும் மேரி கேட்டுவிட்டாள்.

"என்னையும் கூட்டிட்டுப் போவீங்கல்ல சார்? தூத்துக்குடியில அக்கா இருக்கா."

"உத்தரவுல ஆயுதம்னு மட்டுந்தாம்மா போட்டிருக்கு. ஆளுங்க ஆளுநர் பொறுப்பு."

"அப்போ துப்பாக்கியும் வராது சார்." கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

துரைசிங்கம் இரக்கமுள்ளவர். இரண்டு நாள் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஆயுதம் இயங்க இன்றியமையாத எதுவும் ஆயுதத்தின் பகுதியே என்று ஒரு வரி அகப்பட்டது. படிவத்தில் 'துப்பாக்கி ஒன்று, உதிரிப்பாகம் ஒன்று' என்று எழுதினார்.

"கோவிச்சுக்காதம்மா. வேற வழி தெரியல."

"என்னன்னு வேணா எழுதிக்கோங்க சார்" என்று மேரி அழுதுகொண்டே சிரித்தாள்.

பூமியில் மற்ற பயணிகள் ஒரு வாசலுக்குப் போனார்கள். அவளை ஆயுதக்கிடங்குக்கு அழைத்துப்போனார்கள். கம்பிவேலிக்கு அப்பால் அக்கா வேதமணி கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டு நான் கிளம்பலாமா?" என்று மேரி கிடங்கு குமாஸ்தாவிடம் கேட்டாள்.

அவர் படிவத்தைப் பார்த்தார். "உதிரிப்பாகம் கையெழுத்துப் போடாதும்மா. பிரிச்சுக் கொடுக்க எனக்கு அதிகாரமும் இல்ல."

நல்ல மனிதர். துப்பாக்கி அலமாரிக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

தங்கையை விடச்சொல்லி வேதமணி ராணுவத்துக்கும் ஆளுநருக்கும் மனு எழுதினாள். அந்தப் பெயரில் எந்த மனிதரும் தங்கள் வசம் இல்லை என்றது ராணுவம். ஆளுநர் அலுவலகத்தின் பதில் கொஞ்சம் அன்பாகவே இருந்தது: 'தங்கள் சகோதரி பதினான்காம் சாவடியில் நலமாகப் பணியாற்றி வருகிறார்.'