பத்துக் கட்டை

பேரு வேதசிரோமணி. வயசு இருபத்தஞ்சு. நாசரேத்துலேந்து பொழைக்க வந்து, ரெண்டு வருஷமா மேற்குத் தாம்பரத்துல ஒரு சர்ச்சுல பாட்டுக் குழுவை நடத்தற வேலை; அங்க கொயர் ரூமுலதான் ஜாகை. 1968, ஆகஸ்ட் மாசம். அன்னிக்குக் காலையில பல்லுகூட விளக்காம பியானோ முன்னாடி நின்னுக்கிட்டிருந்தான். முந்தின நாள் ரப்பர் போட்டு அழிச்ச இசைக் குறிப்பெல்லாம் காகிதத்துல திரும்ப இருந்துச்சு. அவனோட கையெழுத்தேதான்.

எழுதினது பியானோ கான்செர்ட்டோ. பின்னாடி இருபது பேர் வயலினும் செல்லோவும் வாசிக்க, முன்னாடி ஒருத்தி தனியா பியானோவுல முழங்கணும். அந்த ஒருத்தி, சர்ச்சுல பியானோ வாசிக்கற ரத்தினபாய்னுதான் ஆரம்பிச்சான். தையக்காரன் மாதிரி அவ கையைக் காகிதத்துல வெச்சு, சுத்திப் பென்சில் ஓட்டி, அந்த அளவுக்கே எழுதினான். கட்டைவிரல்லேந்து சுண்டுவிரல் வரைக்கும் பியானோவுல பத்து வெள்ளைக் கட்டை சாதாரணமா எட்டும் அவளுக்கு.

"என் கையைப் பார்த்து மாப்பிள்ளைங்கதான் ஓடறானுங்க. உன் பாட்டாவது நிக்குதே"ம்பா.

கச்சேரிச் செலவை ஏத்துக்கிட்ட சர்ச் கமிட்டித் தலைவர் சுவிசேஷமுத்து சார், தன் பொண்ணு ஞானஜோதிதான் வாசிக்கணும்னார். கமிட்டியில, ரத்தினபாய் எதிர்லயே, வேலை போயிடுமேங்கற பயத்துல சொல்லிட்டான்: "ரத்தினபாய்க்கு இது கைவராது சார்."

அவ எழுந்தா. "என் கைக்குத் தெச்சதை இன்னொருத்தி போட்டா கிழியும், சிரோமணி."

அடுத்த மாசம் காய்ச்சல்ல போயிட்டா. கடைசி மூச்சு வரைக்கும் பெட்ஷீட்டு மேல விரலை விரிச்சு விரிச்சு அழுத்திக்கிட்டே இருந்தாளாம்.

அதுக்கப்புறம்தான் ஞானஜோதியோட சின்னக் கைக்கு எல்லாத்தையும் சுருக்க உட்கார்ந்தான். மூணு நாளா சுருக்கறான். மூணு நாளா விடிஞ்சா விரிஞ்சு கெடக்கு.

அன்னிக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வெளியில மழை பிடிச்சு, ஈர மண் வாசனையோட ரத்தினபாயோட சந்தனப் பவுடர் வாசனையும் ஜன்னல் வழியா உள்ள வந்து, பீச் பக்கம் போற ரயில் தடதடன்னு கடந்து போனதும் பியானோ கம்பியெல்லாம் லேசா ரீங்காரம் போட்டு, ரயில் போயி ரொம்ப நேரமாகியும் அந்த ரீங்காரம் அடங்கவே இல்லை.

ஞானஜோதி குடையை மடக்கிக்கிட்டு வந்தா. காகிதத்தைப் பார்த்தா.

"என்னண்ணா இது? மனுஷிக்கு எழுதினீங்களா, பனைமரத்துக்கா?"

வேணாம், வீட்டுக்குப் போன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவங்கப்பா வாசல்ல கார்ல இருந்தார். வேலை ஞாபகம் வந்துச்சு.

"வாசிச்சுப் பாரும்மா"ன்னான்.

கையை வெச்சா. எட்டுக் கட்டை. அதுக்கு மேல எட்டலை.

எட்டிச்சு.

ஒன்பது.

"அண்ணா, வலிக்குது."

"எடுத்துடு. கையை எடு!"

"எடுக்க வரலைண்ணா."

பத்து. விரலுக்கு நடுவுல தோல் வெள்ளையா இழுபட்டுச்சு. கிழிஞ்சுது. ரத்தம் கட்டை இடுக்குல இறங்குச்சு. தப்பே இல்லாம, அவன் நெனைச்ச அதே வேகத்துல, பாட்டு ஓடுச்சு. முகம் ஞானஜோதியோடது. அழுதுக்கிட்டிருந்துச்சு. கை அழலை.

பக்கம் முடிஞ்சுது. மணிக்கட்டு வரைக்கும் பிளந்த அந்தக் கை நிதானமா அடுத்த பக்கத்தைப் புரட்டி, அடுத்து நீ வாசிக்க ஆரம்பின்னு அவனைப் பார்த்து ஒரு விரலை ஆட்டுச்சு.

படிக்கறவங்க யாரா இருந்தாலும் சரி, அந்தப் பாட்டு எழுதின காகிதம் உங்ககிட்ட வந்தா பியானோவுல வாசிச்சுப் பார்க்காதீங்க. கொளுத்திடுங்க.