டைசன் கட்சியும் ஃபோர்மேன் கட்சியும்

"டைசன் ஒரு குத்து விட்டா மலையே நகரும்டா! மத்தவங்கல்லாம் சும்மா!"

செங்கம் ரோடு டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்த கவிநிலா திரும்பிப் பார்த்தாள். ஃபோனில் நண்பனிடம் கத்திக்கொண்டிருந்தான் அவன். நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருந்தது... கண்களில் அப்படியொரு குறும்பு.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். பாக்சிங் போடுகிற பெண் வேண்டாமென்று போன மாதம்தான் ஒரு வரன் தட்டிப்போனது. 'இனிமே யார்கிட்டயும் அதப் பத்தி மூச்சு விடாத' என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆனாலும்...

"ஃபோர்மேனை மறந்துட்டீங்களே?"

அவன் ஃபோனை இறக்கினான். "என்னங்க?"

"ஜார்ஜ் ஃபோர்மேன். ஃப்ரேசியரை ரெண்டே ரவுண்டுல ஆறு தடவ கீழ தள்ளினவரு. டைசனுக்கு வேகம் ஜாஸ்தி. ஆனா அடியில கனம் ஃபோர்மேனுக்குத்தான்."

"அது அந்தக் காலம்ங்க. டைசன் முன்னாடி நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நிக்கலையே! மோதவே மோதாதவங்கள வச்சிக்கிட்டு நீங்க மலைய நகத்துறீங்க."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "சரிங்க... வீடியோ பாத்துட்டுப் பேசறேன். அடியோட கனம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுருக்கென்றது அவளுக்கு. "கையக் காட்டுங்க."

காட்டினான். இடுப்பைத் திருப்பி உள்ளங்கையில் ஒன்று விட்டாள்... அவன் தடுமாறிப் பின்னால் போய், தேங்கிய மழைத் தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தான். கடையே சிரித்தது. அவன் மட்டும் ஒன்றும் பேசாமல் அவளையே பார்த்தான்.

"ஸாரி..." கொட்டும் மழையில் இறங்கி ஓடினாள்.

'இவனும் அப்படித்தான்... பயந்துட்டான்.' நினைக்க நினைக்க ஏனோ வலித்தது. அதன்பிறகு அந்தப் பக்கமே போகாமல், சுற்றுவழியில் வேலைக்குப் போனாள்.

ஒருநாள் மார்க்கெட்டில் டீக்கடை வேணு பிடித்துக்கொண்டார். "ஏம்மா, அந்தப் பையன் தெனமும் சாயங்காலம் வந்து உன்னத்தான் கேக்கறான். எங்க போயிட்ட?"

மறுநாள் போனாள். நின்றிருந்தான்... வலது மணிக்கட்டில் கட்டு!

"ஐயோ, உடைஞ்சிடுச்சா?"

"விழுந்ததுல சுளுக்கு. அவ்ளோதான். என் பேரு வல்லரசு... பேருக்கேத்த ஆள் இல்லன்னு நீங்களே பாத்துட்டீங்க. வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸ்ல வேலை."

"அங்கிருந்து டீ குடிக்க இவ்ளோ தூரமா?"

"டீ குடிக்கவா வந்தேன்?"

அவள் கன்னம் சூடாகியது.

"ஃபோர்மேன் சண்டையெல்லாம் தேடித் தேடிப் பாத்தேங்க. கனம்தான், ஒத்துக்கறேன். ஆனா டைசனை விடமாட்டேன்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். மறைத்துப் பழக அவளுக்கு மனமில்லை. "நான் ஸ்டேட் மேட்ச் வரைக்கும் போனவ. கல்யாணத்துக்கப்புறமும் விடமாட்டேன். அதனாலயே ஒரு சம்பந்தம் போச்சு."

"போனதே நல்லது."

"எதுக்கு?"

"அன்னிக்கித் தண்ணியில உக்காந்துட்டு ஏன் பேசலன்னு நெனச்சீங்க? வலியா? இல்லங்க... உங்க கண்ணு. அதுலேர்ந்து பார்வைய எடுக்க முடியல." அவன் குரல் தணிந்தது. "உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. பாக்சிங்கோட சேத்துதான்."

தூறல் விழ ஆரம்பித்தது. அவளால் நிமிர முடியவில்லை.

"இத எங்க அம்மாகிட்ட வந்து சொல்லுவீங்களா?"

"இப்பவே வரேன்."

"அப்ப... எனக்கும் உங்களப் பிடிச்சிருக்குன்னு சேத்துச் சொல்லிடுங்க. எனக்கு வெக்கமா இருக்கு."